கையை விட்டால் போதுமா?

நம் ஊர்ப் பழமொழிகளில் பல்லி இனத்துக்குக் கிடைத்திருக்கும் இடம் கொஞ்சநஞ்சமல்ல. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, "குடைகிறதே, குடைகிறதே!" என்று கூச்சல் போட்டவனை எல்லாருக்கும் தெரியும். உடும்பைப் பிடிக்கப் போய் அது தன் கையைப் பற்றிக்கொண்டதும், "உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்" என்று கெஞ்சினவனையும் தெரியும். இருவரையும் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் அந்த ஓணானுக்கும் உடும்புக்கும் பிறகு என்ன ஆயிற்று என்று நாம் கேட்பதில்லை. பழமொழி மனிதனுக்காக ஏற்பட்டது. மனிதன் தப்பித்துக்கொண்டதும் கதை முடிந்துவிடுகிறது.

முடியாத அந்தக் கதையைத்தான் இங்கே கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன். ஒரு ஜீவனை நம் கைக்குள் கொண்டுவந்துவிட்டோம். அதற்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? அதைக் கொஞ்சம் விசாலமான இடத்தில் வைத்தால் அந்தக் கடன் தீருமா? அல்லது கையை விட்டுவிட்டால் தீருமா?

இந்தக் காலத்தில் வேலியில் போகிற ஓணானை யாரும் எடுப்பதில்லை. விலை கொடுத்து வாங்குகிறார்கள். இகுவானா என்று அதற்குப் பெயர். மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஆற்றோரத்து மரங்களில் வாழும் பச்சை ஓணான். விற்கும்போது ஒரு சாண் நீளம் இருக்கும். கிளிப்பச்சை நிறத்தில், உள்ளங்கையில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பிப் பார்க்கும்போது எப்பேர்ப்பட்டவருக்கும் ஆசை வரும். வாங்குகிறவருக்கு அப்போது தோன்றாத விஷயம், அது வாலோடு சேர்த்து நாலைந்து அடிவரை வளரக்கூடியது என்பதும், நன்றாக வைத்துக்கொண்டால் 15 வருஷத்துக்கு மேல்கூட உயிர் வாழும் என்பதும்தான். பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கும் பெட்டிகளில் பல்லியும் பாம்பும் ஆமையும் அகப்பட்டன என்று பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். அகப்பட்டவை செய்தியாகின்றன. அகப்படாதவை யார் வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலோ இருக்கின்றன.

உடும்பு, பச்சோந்தி முதலிய நம் நாட்டுப் பிராணிகளை வீட்டில் அடைத்து வளர்க்க 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. வெளிநாட்டுப் பிராணிகளைப் பற்றி அந்தச் சட்டம் வெகுகாலம் வாய் திறக்காமலே இருந்தது. 2022-இல் அதைத் திருத்தினார்கள். சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணியை வைத்திருப்பவர் அரசாங்கத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஏற்பட்டது. அதற்கான விதிகள் 2024-இல் வந்தன. இகுவானாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே சட்டம் தன் பங்குக்கு, "உன்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டது. "அதை எப்படி வைத்திருக்கிறாய்?" என்று கேட்கவேண்டியது மனசாட்சி.

நான் கதை எழுதுகிறவன். ஒரு கேள்வி வந்தால் அதை ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துப் பார்க்காமல் எனக்கு யோசிக்கத் தெரியாது. ஆகையால் நேயர்கள் அனுமதித்தால், சென்னைக்கு வடக்கே, பொன்னேரி வட்டத்தில், பழவேற்காட்டு ஏரிப் பக்கத்துக் காட்டூரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்கிறேன். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவரும் மனைவியும்தான். பின்கட்டில் ஒரு கிணறு, ஒரு முருங்கை, இரண்டு செம்பருத்தி. சென்னையில் இருக்கும் பேரனுக்கு வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்துவிடுகிறது. அவன் அறையில் மூன்று வருஷமாகக் கண்ணாடித் தொட்டியில் இருந்த இகுவானாவை என்ன செய்வது? "காட்டூருக்கு அனுப்பிவிடலாம், அங்கே காற்றும் வெயிலுமாகச் சுகமாக இருக்கும்" என்று குடும்பத்தில் முடிவாகிறது.

இந்த முடிவை உற்றுப் பாருங்கள். இதில் எத்தனை பங்கு இரக்கம், எத்தனை பங்கு சௌகரியம்? பிராணிக்கு நல்லது என்பதும் உண்மைதான். பையனுக்குத் தொல்லை விட்டது என்பதும் உண்மைதான். உலகத்தில் நடக்கிற நல்ல காரியங்களில் பாதிக்குமேல் இப்படிக் கலப்படமாகவே நடக்கின்றன. அதற்காக அவற்றைக் குறை சொல்லவேண்டியதில்லை. ஆனால் இரக்கமும் சௌகரியமும் ஒரே திசையில் போகும்போது கொஞ்சம் நிதானிப்பது நல்லது. சௌகரியம் முன்னால் ஓடிவிடும். இரக்கம் போய்ச் சேர்ந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்வோம்.

ஆசிரியர் நல்லவர். ஆசாரியை வரவழைத்து, பின்கட்டின் நடுவில், மர நிழல் படாத இடமாகப் பார்த்து, கம்பி வலை அடித்த ஒரு கூண்டு போடச் சொல்கிறார். ஆள் உயரம், பத்தடி நீளம். சித்திரை மாசம். கூண்டு முடிந்த அன்று காலையில், ஏரியில் இறால் தடவிப் பிடித்து விற்கும் இருளர் வீட்டுப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நிற்கிறாள். அந்தப் பக்கத்து இருளர்களுக்குப் படகும் கிடையாது, பெரிய வலையும் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள்.

"யம்மா, இன்னா இது? உடும்புக் குட்டியா?"

"இல்லம்மா, அமெரிக்கா ஓணானாம். பேரன் அனுப்பியிருக்கான். இனிமே இங்கேதான்."

ஆசிரியர் பெருமையோடு கூண்டைத் தட்டிக் காட்டுகிறார். "பாவம், மூணு வருஷமா ரூமுக்குள்ளேயே கெடந்துது. இனிமே நாள் பூரா வெயில்!"

"செத்துப்பூடும் ஐயா."

"ஏன்? ஓணான் வெயில்லதானே கெடக்குது?"

"வெயில் காயும். காஞ்சிட்டு அப்பால பொதருக்குள்ள பூந்துக்கும். பூந்துக்க எடம் வாணாவா? சுத்தி வெளிச்சமா வச்சிட்டீங்கன்னா அது எங்க போவும்?"

அவள் இறாலை அளந்து கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். ஆசிரியர் கூண்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அவள் சொன்னதை விஞ்ஞானம் கொஞ்சம் சுற்றிவந்து கண்டுபிடித்தது. பள்ளிக்கூடத்தில் பல்லியையும் பாம்பையும் "குளிர் ரத்தப் பிராணிகள்" என்று படித்தோம். ரத்தத்தில் குளிர் ஒன்றும் இல்லை. நம் உடம்பு தானே தன் சூட்டை உண்டாக்கிக்கொள்கிறது. அதன் உடம்பு வெளியிலிருந்து கடன் வாங்குகிறது, அவ்வளவுதான். ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1944-இல், பாலைவனத்து ஊர்வனவற்றைப் பற்றித் தாங்கள் செய்த ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். நடமாட விட்டிருக்கும்போது அந்தப் பல்லிகள் தங்கள் உடம்புச் சூட்டை வெகு நுட்பமாக ஓர் அளவுக்குள் நிறுத்திக்கொள்கின்றன என்பது அதில் தெளிவாயிற்று. எப்படி? வெயிலுக்கு வந்தும், நிழலுக்குப் போயும். உடம்பை வெயிலுக்கு விரித்தும், ஒடுக்கியும். வேறு சூட்சுமம் எதுவும் இல்லை. அதே பாலைவனப் பல்லியை நிழலுக்குப் போகமுடியாதபடி கொளுத்தும் வெயிலில் நிறுத்திவிட்டால், அது வெகு சீக்கிரத்தில் செத்துப்போகும். வெயிலில் பிறந்து வெயிலில் வாழ்கிற பிராணி வெயிலாலேயே சாகிறது!

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான். அந்தப் பிராணிக்கு வெயில் ஒரு நன்மை, நிழல் ஒரு நன்மை என்று தனித்தனியாகச் சொல்வதில் அர்த்தம் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானே போகமுடிவதுதான் அதற்கு நன்மை. அது போய்விட்டால் மற்ற இரண்டும் தண்டனையாகிவிடுகின்றன.

சரி, கண்ணாடித் தொட்டியில் என்ன குறை இருந்தது? பேரன் கெட்டிக்காரன். தொட்டியை ஜன்னலோரம்தான் வைத்திருந்தான். காலையில் வெயில் பளீரென்று விழும். பார்க்கிறவர்கள், "ஆகா, வெயிலும் கிடைக்கிறதே!" என்பார்கள். ஆனால் இந்த இனத்துப் பிராணிகளின் தோல், வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைக் கொண்டு வைட்டமின் டியைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் தின்கிற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. தாடை மெத்தென்று ஆகிவிடும், கால் வளைந்துபோகும், கடைசியில் ஏற நினைத்த கிளையில் ஏறமுடியாது. சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும். சூட்டை உள்ளே விடும். அந்தக் கதிரை மட்டும் ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். அதற்காகத் தனி விளக்குகள் விற்கிறார்கள். அவையும் நாளாக ஆக, எரிந்துகொண்டிருக்கும்போதே அந்தச் சக்தியை இழந்துவிடும். ஆக, கண்ணுக்கு எல்லாம் இருக்கிறது. உடம்புக்கு வேண்டியது இல்லை. கொடுமை செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கொடுமை செய்ய இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது.

ஆகவே வெளியில் கொண்டுபோவது நல்லதுதான். எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் ஆசிரியர் ஆசாரியை மறுபடி கூப்பிடுகிறார். கூண்டு முருங்கையடிக்கு நகர்கிறது. பாதிக் கூரைக்குத் தென்னங்கீற்று வேய்கிறார்கள். உள்ளே ஏறிப் படுக்க இரண்டு கனத்த கிளைகள். ஒன்று வெயிலில், ஒன்று நிழலில். ஒரு மூலையில் செம்பருத்திப் புதர். இலையும் பூவும் அதற்கு ஆகாரமாகவும் ஆகும், மறைவாகவும் ஆகும். அகலமான மண் தொட்டியில் தண்ணீர். எலி குடையாதபடி அடியில் வலை. பூனையும் கீரியும் காகமும் நுழையாதபடி மேலேயும் வலை. எறும்புக்கு ஒரு வழி. முதல் வாரம் காலையில் ஒரு மணி நேரம். பிறகு இரண்டு மணி. பிறகு பகல் முழுவதும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தூக்கிக்கொண்டு வர வீட்டுக்குள்ளும் ஓர் இடம் இருக்கவேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் திருவள்ளூர் ஜில்லாவை என்ன பாடு படுத்தியது என்பதைப் பார்த்தவர்கள், பின்கட்டில் கூண்டு கட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கமாட்டார்கள்.

எல்லாம் ஆயிற்று. ஒரு மாசம் கழித்துப் பேரன் வெளிநாட்டிலிருந்து முகம் தெரிகிற டெலிபோனில் கூப்பிடுகிறான்.

"எங்கே தாத்தா, காணோமே?"

"செடிக்குள்ளே இருக்குடா."

"கொஞ்சம் குச்சியாலே தள்ளி விடுங்களேன், பார்க்கணும் போல இருக்கு."

"அது வரும்போது வரும். நீ அப்புறம் கூப்பிடு."

இந்த இடத்தில்தான் விஷயத்தின் முள் இருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் அது எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. நாம் அதை வாங்கியதே பார்ப்பதற்காகத்தான். நல்ல கூண்டு என்றால் என்ன? அந்தப் பிராணி நம் கண்ணிலிருந்து மறைந்துகொள்ள முடிகிற கூண்டு. அதாவது, நாம் அதற்கு எவ்வளவு நல்லது செய்கிறோமோ அவ்வளவுக்கு நாம் வாங்கிய சுகம் நமக்குக் குறைகிறது. இரண்டும் ஒன்றாக நிற்காது. இதை ஒப்புக்கொள்ளாத இரக்கம் எல்லாம், நம் சுகத்துக்கு நாமே சூட்டிக்கொண்ட நல்ல பெயர்தான்.

நம்முடைய பெரிய மிருகக்காட்சிசாலையின் சரித்திரத்தைப் பார்த்தாலும் இதே கதைதான். 1855-இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற வெள்ளைக்கார டாக்டர், எழும்பூரில் தாம் பொறுப்பு வகித்த மியூசியத்திலேயே உயிருள்ள மிருகங்களையும் வைத்துக் காட்டத் தொடங்கினார். பிறகு அது சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயிற்று. மூர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு அப்படியே "உயிர்க் காலேஜ்" பார்த்துவிட்டு வந்தது பல தலைமுறைச் சென்னைவாசிகளுக்கு ஞாபகம். கம்பிக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில் சிங்கம் நிற்கும். எப்போது போனாலும் நிற்கும். வேறு எங்கே போகும்? 1985-இல் வண்டலூரில் காட்டை ஒட்டிச் சுமார் 510 ஹெக்டேரில் புதிய இடம் திறக்கப்பட்டது. கம்பிக்குப் பதில் அகழி. சிமெண்டுத் தரைக்குப் பதில் மண்ணும் மரமும்.

கம்பியை எடுத்துவிட்டு அகழி வைக்கும் யோசனையைப் பிரபலமாக்கியது ஹாம்பர்க்கில் ஹாகன்பெக் என்பவர் 1907-இல் திறந்த தோட்டம். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. அகழி பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, சிங்கத்துக்குத் தெரியும். சிறை போய்விட்டது என்ற நிம்மதி நமக்குத்தான் முதலில் கிடைத்தது. ஆனாலும் அது முழு ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். வண்டலூரில் வெயில் ஏறினதும் மிருகம் புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடந்துவந்த குடும்பங்கள், "ஒன்றுமே தெரியவில்லையே!" என்று சலித்துக்கொள்கின்றன. பழைய இடத்தில் இந்தச் சலிப்புக்கு இடமில்லை. அந்த ஏமாற்றம்தான் மிருகத்துக்குக் கிடைத்த லாபம். டிக்கெட் வாங்கியும் பார்க்கமுடியாமல் திரும்புகிறவர், தமக்குத் தெரியாமலே ஒரு தர்மம் செய்துவிட்டுத் திரும்புகிறார்.

இங்கே யாராவது எழுந்து, "கூண்டு பெரிதானால் என்ன, சிறிதானால் என்ன? கூண்டு கூண்டுதானே! திறந்து விட்டுவிடலாமே!" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. உணர்ச்சியுள்ள கேள்வி. காட்டூர் ஆசிரியருக்கும் ஒரு நாள் தோன்றும். ஏரிக்கரைப் பக்கம் பனையும் கருவேலமுமாகக் கிடக்கிறது. கொண்டுபோய் விட்டால் புண்ணியம் ஆயிற்று. உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்.

இப்படிக் கையை விட்டவர்கள் அமெரிக்காவில் பலர் இருந்தார்கள். ஃபுளோரிடாவில் செல்லமாக வளர்த்த இகுவானாக்கள், அலுத்துப்போய் விடப்பட்டவையும் தப்பி ஓடினவையுமாகச் சேர்ந்து இன்று அந்த மாகாணத்தின் தென்பகுதி முழுவதும் பெருகிக் கிடக்கின்றன. கடுங்குளிர் வந்தால் மரத்திலிருந்து விறைத்து விழுகின்றன. 2020 ஜனவரியில் அங்குள்ள வானிலை அலுவலகம், "இகுவானா தலையில் விழலாம், ஆச்சரியப்படாதீர்கள்" என்கிற தோரணையில் எச்சரிக்கையே விட்டது. இது சிரிக்கிற கதை. சிரிக்கமுடியாத கதை மலைப்பாம்பினுடையது. பர்மா மலைப்பாம்புகள் அதே வழியில் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்துக்குள் புகுந்து, அங்கே பரம்பரையாக வாழ்ந்த முயலையும் மற்றச் சிறு பிராணிகளையும் தின்று தீர்த்துக்கொண்டிருக்கின்றன. ஒருவர் தம் மனசாட்சியின் பாரத்தை இறக்கிவைத்தார். அந்தப் பாரத்தை ஒரு காடே சுமக்கிறது.

அந்தப் பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017-இல் அவர்கள் யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் இரண்டு பேரை. மாசி சடையன், வடிவேல் கோபால் என்று பெயர். போன எட்டே நாளில் 13 பாம்பு பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடி. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இறால் விற்க வந்த நம் கதைப் பெண்ணின் ஜனங்கள்தான் இவர்களும்.

இவர்களைப் பற்றி இந்த இடத்தில் சொல்லக் காரணம் விருது அல்ல. ஒரு காலத்தில் இருளர்களில் பலர் தோலுக்காகப் பாம்பும் உடும்பும் பிடித்துக் கொடுத்துப் பிழைத்தவர்கள். சட்டம் வந்து, தோல் ஏற்றுமதியும் நின்றதும் பிழைப்புப் போயிற்று. 1978-இல், ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு, மகாபலிபுரம் சாலையில் வடநெம்மேலியில் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலையும் பிடித்துவருவார்கள். மண் பானையில் மணல் போட்டு, வாயைத் துணியால் கட்டி, மூன்று நாலு வாரம் வைத்திருப்பார்கள். அதற்குள் நாலு தடவை விஷம் எடுப்பார்கள். அது விஷமுறிவு மருந்துக்குப் போகும். பிறகு, அதே பாம்பைச் சீக்கிரத்தில் மறுபடி பிடித்துவிடாமல் இருக்க வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் செய்து, அதற்கு ஏற்ற இடத்தில் கொண்டுபோய் விடுவார்கள்.

அந்தப் பானை விசாலமானதல்ல. பேரனுடைய கண்ணாடித் தொட்டி அதைவிட எவ்வளவோ பெரிது. ஆனாலும் எனக்கென்னவோ பானையில் இருக்கும் தர்மம் தொட்டியில் இல்லை என்றே படுகிறது. பானையில் இருக்கிற பாம்புக்குத் தவணை உண்டு. எடுத்தவர்களுக்கு அதன் இடம் எது என்று தெரியும். திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற எண்ணத்தோடுதான் எடுத்தார்கள். அது கடன். தொட்டியில் இருப்பது கடன் அல்ல, சொத்து. இகுவானாவுக்குத் திரும்பிப் போக இடம் கிடையாது. அதன் காடு கடலுக்கு அப்பால் இருக்கிறது. அது பிறந்ததே ஏதோ ஒரு பண்ணையாக இருக்கக்கூடும். காட்டூர் ஏரிக்கரையில் விட்டால், ஒன்று அது சாகும். அல்லது பிழைத்து, ஒன்றுக்கு மேற்பட்டவையும் சேர்ந்துவிட்டால், அங்கே இருக்கிறவற்றுக்குக் கெடுதல் செய்யும். ஆகவே கையை விடுவது இங்கே விடுதலை அல்ல, கைகழுவுதல். அதனிடமிருந்து எதைப் பறித்தோமோ அதைத் திருப்பிக் கொடுக்க நம்மால் முடியாது என்ற கசப்பை விழுங்கிக்கொண்டு, மிச்சம் இருப்பதில் எவ்வளவு கொடுக்கமுடியுமோ அவ்வளவும் கொடுப்பதுதான் நம்முன் இருக்கிற ஒரே நியாயமான வழி.

இவ்வளவும் ஓர் ஓணானுக்காகவா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். மனிதரைப் பல்லிக்குச் சமமாகப் பேசுகிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். நான் ஒப்பிடுவது வைத்திருக்கிறவர்களுடைய மனசை, வைக்கப்பட்டவர்களை அல்ல. ஏனென்றால் இந்தக் காட்டூர் வீட்டுக் கதை தலைகீழாக எத்தனையோ வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது.

தகப்பனார் காலமாகிறார். தாயாரை ஊரில் தனியாக விடக்கூடாது என்று பிள்ளை சென்னைக்கு அழைத்து வருகிறார். மூன்றாவது மாடி. தனி அறை, மின்விசிறி, டெலிவிஷன், வேளைக்கு மாத்திரை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி. காலையில் வெயில் விழும். பிள்ளை பாசமில்லாதவர் அல்ல. "அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை" என்று அவர் சொல்வது சத்தியம். ஆனால் அந்த அம்மாள் ஊரில் என்ன செய்துகொண்டிருந்தார்? விடியற்காலையில் வாசலுக்கு வருவார். யாராவது பிடிக்காதவர் தெருக்கோடியில் வந்தால் உள்ளே போய்விடுவார். மத்தியானம் திண்ணை, அலுத்தால் கூடம், மனசு சரியில்லையென்றால் கிணற்றடி. யாரையும் கேட்கவேண்டியதில்லை. யாரும், "எங்கே போகிறாய்?" என்று கேட்டதும் இல்லை. இங்கே அவர் அறைக் கதவைச் சாத்தினால், "அம்மா, ஏன் கதவைச் சாத்துகிறாய்? உடம்புக்கு என்ன?" என்று மூன்று பேர் தட்டுகிறார்கள். கீழே இறங்கிப் போனால், "சொல்லாமல் போகலாமா?" என்கிறார்கள். எல்லாம் அன்பு. எல்லாம் கண்ணாடி வழியாக வந்த வெயில்.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்கவேண்டும். "அம்மாவுக்கு ஊர்தான் பிடிக்கும்" என்று சொல்லி, ஆள் அரவம் இல்லாத ஊர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, மாசம் பணம் அனுப்புகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதுவும் சுதந்திரம் என்ற பெயரில்தான் நடக்கிறது. சித்திரை வெயிலின் நடுவில் கட்டிய கூண்டு அது. ஒருவரை விட்டுவிடுவதும் அவருக்கு இடம் கொடுப்பதும் ஒன்றல்ல. அந்த அம்மாளுக்கு மூன்றாவது மாடியும் வேண்டும், காட்டூர்த் திண்ணையும் வேண்டும். எப்போது எது என்பதை அவர் சொல்லவேண்டும். பஸ் சார்ஜும் துணைக்கு ஓர் ஆளும் கொடுத்தால் முடிகிற காரியம். அதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. அவர் நம் கண்ணில் படாமல் இருக்கும் நாட்களில் நமக்கு ஏற்படும் கவலையை நாமே சுமந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் தயங்குவது பஸ் சார்ஜுக்கு அல்ல, இதற்குத்தான்.

ஒரு சந்தேகம் வரலாம். அம்மா தம் குறையை வாய்விட்டுச் சொல்வார். பிராணி சொல்லாதே, அதற்கு எது வேண்டும் என்று எப்படித் தெரியும்? இரண்டு பேருமே சொல்வதில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். வயதானவர்கள், "எனக்கென்ன குறை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார்கள். ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, இடம் விட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வதே மேல். இரண்டு கிளை வைத்தால், எந்த நேரத்தில் எந்தக் கிளையில் இருக்கிறது என்று ஓணான் தானே காட்டிவிடும். ஒரு கிளை மட்டும் வைத்துவிட்டு, "பாருங்கள், இங்கேயே இருக்கிறது, இதுதான் அதற்குப் பிடிக்கும்" என்று சொல்வது எளிது. குடும்பங்களிலும் அரசாங்கங்களிலும் நாம் பெரும்பாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

காட்டூர் ஆசிரியரின் கணக்கு இன்னும் தீரவில்லை. அவருக்கு எழுபது வயதுக்கு மேல். பின்கட்டில் இருக்கும் பிராணிக்கு மூன்றரை வயதுகூட ஆகவில்லை. அது கிழமாகும்போது அவர் இருக்கமாட்டார். அவர் மனைவியும் இருப்பார் என்று சொல்வதற்கில்லை. பேரன் திரும்பி வருவானா, வந்தாலும் அவன் மனைவிக்குப் பிடிக்குமா, யாருக்குத் தெரியும்? சிறுபிள்ளைத்தனமாக ஒரு நாள் சாயங்காலம் கடையில் கொடுத்த சில ஆயிரம் ரூபாய், ஒரு வயோதிகருடைய கடைசிக் காலத்துக் கவலைகளில் ஒன்றாக வந்து உட்கார்ந்துவிட்டது. அவர் அதை வாங்கவில்லை; கேட்கவும் இல்லை. ஆனாலும், தமக்குப் பிறகு அதை யார் பார்த்துக்கொள்வது என்று விசாரித்து, எழுதி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று நினைக்கிறார். காலையில் எழுந்ததும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி நிரப்புகிறார். நாலு கொத்து முருங்கை இலையைப் பறித்து உள்ளே வைக்கிறார். ஓணான் கண்ணில் படாத நாட்களிலும் வைக்கிறார். சாயங்காலம் வந்து பார்த்தால் இலை குறைந்திருக்கிறது. அது போதும் என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகிறார்.